லினக்ஸ் சார்

அத்தியாயம் ஒன்பது

அன்று காலை, கம்ப்யூட்டர் கோளாறுக்கு வழி கேட்டுக் கலைமதிக்கு வந்த முதல் ஃபோன், மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமையாசிரியரிடமிருந்து.

"ஏம்மா, நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா பாடிட்டு இருந்த கம்ப்யூட்டர் இன்னைக்கு ஊமையாயிருச்சும்மா. புள்ளைங்க எல்லாம் ஒக்காந்துட்டு இருக்குதுங்க."

"சார், கீழ வலது பக்கம் ஓரமா ஸ்பீக்கர் படம் இருக்குதுங்களா? அதத் தொட்டு, சத்தம் எதுக்குப் போவுதுன்னு பாருங்க."

"ஹெச்டிஎம்ஐன்னு என்னமோ போட்டிருக்குது."

"புரொஜெக்டருக்குப் போய்க்கிட்டு இருக்குதுங்க சார். அதுல ஸ்பீக்கரே இல்ல. பழையபடி ஸ்பீக்கருக்கு மாத்தி விடுங்க."

மறுமுனையில் ஒரு பாட்டு திடீரென்று அலறியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். தலைமையாசிரியர் நன்றி சொன்னது அந்தக் கூச்சலில் கேட்கவில்லை.

அடுத்து, தக்காளி மண்டிக் கணக்கர். பென்டிரைவில் எதையும் எழுத விடமாட்டேன் என்கிறதாம். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து முறையாகக் கழற்றாமல் பிடுங்கியிருப்பார் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. அதையும் சொல்லி முடித்தாள். அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்திருந்தது.

கலைமதி பாப்பிரெட்டிப்பட்டியை விட்டு வந்த கதை உங்களுக்குத் தெரியும். கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலம் வீட்டு வாசலில் நிற்காத தெருவிலிருந்து அருள்குமார் என்ற பையனைப் பிடித்தாள். காதலுக்குச் சம்மதம் கேட்டு நின்ற அன்றே வீடு இல்லை என்றாகிவிட்டது. மாரண்டஹள்ளியில், மாமியார் மாமனார் இருக்கும் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி, ஓட்டு வீடொன்றில் குடியேறி மூன்று வருஷம் ஆகிறது.

அவள் வந்த மறுவாரமே பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். கண்ணீர் அஞ்சலி. கல்லூரி அடையாள அட்டையில் இருந்த அவள் படம். கீழே, ஆழ்ந்த துயரத்தில் குடும்பத்தார். அதைக் கிழிக்கப் போன அருள்குமாரை அவள் சித்தப்பா ஆட்கள் சுற்றி நின்று அடித்தார்கள்.

அந்தப் போஸ்டர் அச்சானது அவள் அப்பா காளியப்பனின் கடையில்தான். கடையின் பெயர் 'கலை பிரிண்டர்ஸ்'. அந்தப் பெயரை மட்டும் அவர் மாற்றவில்லை. கலை என்றால் ஓவியம், சிற்பம் என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார் போலும்.

இதெல்லாம் தெரிந்தும், தெரியாதவளைப்போல அவள் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தாள். புருஷனிடம்கூடச் சொல்லாத வேலை.

ஃபோன் மறுபடி அடித்தது. முருகேஷ். அவள் தம்பி.

"வணக்கங்க சார். மிஷின்ல ஒரு சின்னப் பிரச்சனைங்க சார்," என்றான்.

கலைமதி வாயைத் திறக்கவில்லை. அப்பா அருகில் இருந்தால் அவள் சார். இல்லாவிட்டால் அக்கா. செருப்புச் சத்தம் கேட்டது. கடையின் பின்கதவு கிறீச்சிட்டது.

"அக்கா."

"சொல்றா."

"ஒரு கஸ்டமர் மேட்டருக்கா. வெளியூர்ல டைப் பண்ணி அனுப்பிருக்காங்க. நம்ம மிஷின்ல தொறந்தா எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமா பூச்சி பூச்சியா வருது. பிரிண்டரும் புடிக்க மாட்டேங்குது. இன்னைக்கே வேணும்க்கா."

அந்தக் கடை கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டவள் அவள்தான். வைரஸ் வந்து வந்து கல்யாணப் பத்திரிக்கைகள் அழிந்துகொண்டிருந்த காலத்தில், கல்லூரி விடுமுறையில் உட்கார்ந்து ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினாள். அப்பா அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார். அவள் போன பிறகு, ஒரு மழை நாளில் கரண்ட் போய் வந்ததில் மிஷின் எழுந்திருக்கவே இல்லை. வேறெவருக்கும் அது பிடிபடவில்லை. முருகேஷ் யாருடைய ஃபோனிலிருந்தோ கூப்பிட்டு அழுதான். அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். மிஷின் எழுந்தது. அதற்குப் பின், அவள் வீட்டிலிருந்தே அந்தத் திரையைப் பார்த்து வேலை செய்ய ஏற்பாடு செய்துகொண்டாள். பெங்களூரில் ஒரு பெரிய ஆபீசில் வேலை செய்யும் சார் ஒருவர் உதவுகிறார் என்று அப்பாவிடம் சொல்லி வைத்தான் முருகேஷ். சாரால் பேச முடியாது, ஆபீசில் திட்டுவார்கள், திரையில் எழுதித்தான் காட்டுவார் என்றும் சொல்லியிருந்தான்.

மிஷினுக்காகத்தான் செய்கிறேன் என்று கலைமதி தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஆனால் முருகேஷ் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை செய்யும்போது, சேலம் பஸ்ஸின் ஹாரன் கேட்கும். எதிர்க் கடை டீ மாஸ்டரின் குரல் கேட்கும். ஒரு தடவை அம்மா சோற்று வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மோர் தனியா இருக்குது" என்றது கேட்டது. அந்த ஒரு தடவைக்காக அவள் எத்தனையோ தடவை பிரிண்டரைச் சரி செய்திருக்கிறாள்.

"சரி, உள்ள வரேன்," என்று லேப்டாப்பைத் திறந்தாள்.

"அக்கா, ஒண்ணு. நீ ஃபான்ட்ட மட்டும் ஏத்திட்டுப் போயிரு. மேட்டரத் தொறக்க வேணாம்."

"தொறக்காம சரியாச்சான்னு எப்படிடா தெரியும்?"

"நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கறதா இருந்தா எனக்கு எதுக்குடா ஃபோன் பண்ண?"

பாப்பிரெட்டிப்பட்டித் திரை மாரண்டஹள்ளியில் விரிந்தது. அவள் முதலில் பிரிண்டரைப் பார்த்தாள். நேற்று யாரோ கொடுத்த வேலையொன்று பாதியில் சிக்கி, பின்னால் வந்ததையெல்லாம் மறித்துக்கொண்டு நின்றது. அதை நீக்கிவிட்டு, நிறுத்தி வைக்கப்பட்டிருந்த பிரிண்டரை மறுபடி ஓடவிட்டாள். அது சுலபம்.

ஃபைலைத் திறந்தாள். முருகேஷ் சொன்னது போலவே ஒரு பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். பழைய காலத்துத் தமிழ் ஃபான்ட் ஒன்றில் தட்டியிருக்கிறார்கள். அந்த ஃபான்ட் மிஷினில் இல்லாததால் தமிழ் தெரியவில்லை. இப்படிப் பழசையெல்லாம் அவள் ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றை எடுத்துக் கடை மிஷினுக்கு அனுப்பி, ஃபான்ட் பட்டியலைப் புதுப்பித்து, ஃபைலை மூடித் திறந்தாள்.

தமிழ் வந்தது. ஆனால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஃபான்ட் அது இல்லை.

"அக்கா, போதும்க்கா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"இரு."

இன்னொன்றை எடுத்துப் போட்டாள். மூடித் திறந்தாள்.

உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் கீழ், திருமண அழைப்பிதழ். எழுத்துகள் அதனதன் இடத்தில் ஒழுங்காக நின்றன. தன் வேலை முடிந்ததென்று ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் படித்தாள்.

பாப்பிரெட்டிப்பட்டி திரு. காளியப்பன், திருமதி ராஜமணி தம்பதியரின் ஏக புத்திரன் செல்வன் முருகேஷ். ஏரியூர் செல்வி பாரதி.

ஏக புத்திரன். அதில் பொய் ஒன்றுமில்லை. மகன் ஒருவன்தான்.

கீழே இறங்கினாள். வரவேற்பவர்கள் வரிசையில், அக்கா – மாமா என்று போட்டு, சோபனா – மாதேஸ்வரன் என்றிருந்தது. சோபனா, போஸ்டருக்காக அருள்குமாரை அடிக்க ஆள் கூட்டி வந்த அதே சித்தப்பாவின் மகள். மணப்பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் நின்று நாத்தனார் முடிச்சுப் போடப் போகிறவள் அவள்.

"கல்யாணமாடா?" என்றாள்.

"ஆமாக்கா," என்றான் முருகேஷ்.

"எப்ப சொல்றதா இருந்த?"

"முடிஞ்சப்பறம் சொல்லலாம்னு... உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"அதனால என் கையாலயே எழுத்து வர வெச்சியா?"

"வேற யாருக்கும் தெரியலக்கா. அரூர் வரைக்கும் போய்க் கேட்டுட்டேன்."

அவள் கை தானாக நகர்ந்து, சோபனா என்ற பெயரின் மேல் போய் நின்றது. இரண்டு தட்டு. அந்தப் பெயர் நீல நிறமாகியது. அழித்துவிட்டு எதை வேண்டுமானாலும் எழுதலாம். அங்கே கடையில் முருகேஷும் அதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, வேணாம்க்கா. அப்பா கொன்னுருவாரு."

"என்னைத்தான் ஏற்கெனவே கொன்னாச்சே."

அப்போது, ஃபோனுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. கனத்த குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது.

"யாருடா, சாருங்களா? இங்க குடு."

"அப்பா, அவரு பேச மாட்டாருப்பா. ஆபீஸ்ல—"

"அவரு பேச வேணாம். நான் பேசறேன். அவரு எழுதட்டும்."

ஃபோன் கை மாறும் சத்தம். கலைமதி மூச்சை அடக்கிக்கொண்டாள். மூன்று வருஷமாகக் கேட்காத குரல், காதோடு காதாக வந்தது.

"வணக்கமுங்க சார். நான் முருகேஷோட அப்பா பேசறனுங்க."

அவள் அழைப்பிதழைக் கீழே தள்ளிவிட்டு, வெற்றுப் பக்கமொன்றைத் திறந்தாள். விரல்கள் எழுத்தைத் தேடின. 'வணக்கம் ஐயா' என்று எழுதினாள்.

"நம்ம மிஷின இத்தன நாளா நீங்கதான் பாத்துக்கறீங்க. நேர்ல பாத்து ஒரு வார்த்த பேசல. தப்பா நெனச்சுக்காதீங்க. சாப்டீங்களா?"

'சாப்பிட்டேன்.'

"ஒடம்பெல்லாம் சொகங்களா?"

'நல்லா இருக்கேன் ஐயா.'

"உங்க பக்கம் பனி ஜாஸ்தீங்க. காதுக்குத் துணி கட்டாம வெளிய போவாதீங்க. சின்னதுல இருந்தே சில பேருக்குச் சளி புடிச்சா லேசுல எறங்காது."

சின்ன வயதில் சளி இறங்காமல் கிடந்தவள் அவள்தான். பெங்களூர் சாருக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று அப்போது யோசிக்க முடியவில்லை. குரல் நின்றுவிடக் கூடாது என்று மட்டும் இருந்தது.

"பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறமுங்க சார். குடும்பத்தோட வரணும். அட்ரஸ் எழுதுங்க, நானே வந்து பத்திரிக்கை வெக்கறேன்."

அவள் ஊர்ப் பெயரை எழுதத் தொடங்கி அழித்தாள். பிறகு எழுதினாள்: 'உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் ஐயா?'

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. ஒரு லாரி போனது.

"ஒரு பையன்தாங்க," என்றார் காளியப்பன். "ஒரு பொண்ணு இருந்துச்சு. காய்ச்சல்ல போயிருச்சுங்க."

கலைமதி எழுதினாள். இம்முறை விரல் தேடவில்லை.

'காய்ச்சல் இல்லப்பா. நான் கலை.'

ஃபோனை வைத்துவிட்டாரோ என்று அவள் பார்த்தாள். வைக்கவில்லை.

"தெரியும்," என்றார்.

"மொத நாளே தெரியும். கூப்புட்ட ஒடனே வேலைய விட்டுட்டு ஓடியாந்து மிஷினப் பாக்கறதுக்கு எந்த ஊர்ல எந்த சாரு இருக்கறாரு?" குரல் தாழ்ந்தது. "நீ சாராவே இருந்திருக்கலாமில்ல சாமி. சாருக்குன்னா நான் பத்திரிக்கை வெக்க வந்திருப்பேன். உன் வூட்டு வாசல்ல நின்னு, தட்டக் குடுத்துட்டு, ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வந்திருப்பேன். ஊர்ல எவனும் கேக்க மாட்டான். இப்ப நான் யாருக்குன்னு வெப்பேன்?"

"அப்பா..."

வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் ஃபோன் மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது, சூடான பாத்திரத்தைச் சட்டென்று இறக்கி வைப்பது போல. பிறகு தூரத்திலிருந்து அவர் குரல், பழையபடி கடைக்காரக் குரலாக வந்தது.

"டேய், பிரிண்ட்ட எடுத்துட்டு, சாருக்கு நன்றி சொல்லிட்டு ஃபோன வையி."

செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போயிற்று.

கலைமதிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. பெற்ற மகளின் வாசலுக்கு வர வழி இல்லையாம். மூன்றாம் மனுஷர் வாசல் என்றால் வழி உண்டாம். மனதில் அத்தனை பாசத்தை வைத்துக்கொண்டுதான் சுவரில் போஸ்டர் ஒட்டினாரா? பாசம் இல்லாத அப்பாவாக இருந்திருந்தால்கூட மன்னித்துத் தொலைத்திருக்கலாம்.

முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு அழைப்பிதழை மேலே கொண்டுவந்தாள். சோபனா இன்னும் நீலமாகவே இருந்தாள். வெறும் இடத்தில் ஒரு தட்டுத் தட்டி அதைப் பழையபடி விட்டாள். அனுப்பியவர்கள் தட்டியதில், ராஜாமணி என்ற அம்மாவின் பெயர் 'ராஜமணி' என்று கால் இழந்து நின்றது. அதற்கு மட்டும் துணைக்கால் போட்டாள். பிரிண்ட் கொடுத்தாள். ஃபோன் வழியாக, பிரிண்டர் காகிதத்தை இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"வந்துருச்சுக்கா," என்றான் முருகேஷ், தணிந்த குரலில். "நல்லா வந்திருக்குது."

"முருகேஷு, இப்ப நான் சொல்ற எடத்துல புது பாஸ்வேர்ட் போடு. எங்கிட்ட சொல்லாத. அப்புறம் இந்த ரிமோட்ட நிறுத்திரு."

"நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"கத்துக்க."

"அக்கா, அப்பா ஏதோ கோவத்துல..."

"அவரு கோவப்படலடா. கோவப்பட்டிருந்தா நான் அவருக்கு உசுரோட இருந்திருப்பேன்."

எங்கே தட்ட வேண்டும் என்று அவள் சொன்னாள். அவன் தட்டினான். வழக்கமாக ஒன்றுக்கு மூன்று தடவை கேட்பவன், அன்றைக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தொடர்பு துண்டிக்கப்பட்டது என்று அவள் திரையில் ஒரு வரி வந்தது. முருகேஷ் எந்த வேலையையும் இத்தனை வேகமாகச் செய்து அவள் பார்த்ததே இல்லை.

ஓசூர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அருள்குமார் வீட்டுக்கு வந்தபோது, அடிப்பிடித்த சாம்பார் அப்படியே இருந்தது. கலைமதி மூடிய லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு? கண்ணு செவந்து கெடக்குது."

"முருகேஷுக்குக் கல்யாணம்."

"யாரு சொன்னது உனக்கு?"

அவளுக்கு ஒரு பொய் தயாராகவே இருந்தது. இத்தனை நாளும் அந்தப் பொய்தான் உதவியது. ஃபோனில் பேசிய யாரோ சொன்னார்கள் என்றால் அவன் நம்பிவிடுவான். ஆனால் அன்றைக்கு இன்னொரு பொய்யைத் தூக்கிச் சுமக்க அவளிடம் தெம்பு இல்லை. மழை நாளில் முருகேஷ் அழுததிலிருந்து, அப்பா 'தெரியும்' என்று சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

அருள்குமார் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றான்.

"எந்த மிஷினு?"

"கடை மிஷின்தாங்க."

"அந்தப் போஸ்டர் அடிச்ச மிஷினா?"

"அதே மிஷின்தான்."

அவன் தன் இடது கையைப் பார்த்தான். அன்று பஸ் ஸ்டாண்டில் ஒருவன் மிதித்த விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. கம்பெனியில் நட்டு முடுக்கும்போதெல்லாம் அந்த விரலை ஒதுக்கித்தான் வேலை செய்கிறான்.

"நான் அங்க போஸ்டரக் கிழிச்சு ஒத வாங்கிட்டு வந்தேன். நீ இங்க ஒக்காந்துகிட்டு, அத அடிச்ச மிஷினுக்கு வைத்தியம் பாத்துட்டு இருந்திருக்க."

"என் தம்பி அழுதான். என்னால—"

"கலை, ஒண்ணு கேக்கறேன். உங்கப்பாவுக்கு மவுஸ் புடிக்கத் தெரியுமா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்ப அந்தப் போஸ்டர டிசைன் பண்ணது யாரு?"

அந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்கு முதல் நாளே தெரியும். அதை யாரும் வாய்விட்டுக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் இத்தனை காலம் இருந்தாள். படத்தைச் சுற்றி ஒரு மாலை வைத்திருந்தது நினைவு வந்தது. மாலையை அப்படி ஒட்ட வைக்க முருகேஷுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்," என்றான்.

"சொல்லிருந்தா வேணாம்னிருப்பீங்க."

"ஆமா. வேணாம்னுதான் சொல்லிருப்பேன்." கழற்றிய பொத்தான்களை மறுபடி போட்டுக்கொண்டான். "எங்கம்மா ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுல உனக்காக மெழுகுத்திரி ஏத்திட்டு இருக்குது. அந்த வூட்டுப் பொண்ணுக்கு யாருமே இல்லன்னு சொல்லிச் சொல்லி அழுவுது. அதுகிட்டப் போய் நான் என்னன்னு சொல்றது?"

"சாப்ட்டுட்டுப் போங்க."

அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. சந்து முனையில் அது மாமியார் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போகும் பாலக்கோடு ரோட்டுப் பக்கம் திரும்பியது.

அவள் எழுந்து சாம்பார்ச் சட்டியைத் தேய்க்கப் போட்டாள். கரி போகவில்லை. தேங்காய் நாரை எடுத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஃபோன் அடித்தது. புது நம்பர். ஈரக் கையோடு எடுத்தாள்.

"ஹலோ, லினக்ஸ் சாருங்களா?"

ஒரு பெண் குரல். சின்ன வயசு.

கலைமதி "சொல்லுங்க," என்றாள்.

"அட, மேடமுங்களா! சாருன்னு சொன்னாங்களே. மெசேஜ் மட்டும்தான் போடணும்னாங்க, ஆனா எழுதிச் சொல்லத் தெரியல, அதான் கூப்புட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. எங்க லேப்டாப்புல லினக்ஸ் போட்டதுல இருந்து வைஃபை காட்ட மாட்டேங்குதுங்க."

"பழைய லேப்டாப்புங்களா?"

"காலேஜ்ல குடுத்ததுங்க."

இந்தப் பதிலை அவள் தூக்கத்திலும் சொல்வாள். "ஃபோன சார்ஜர் ஒயர்ல லேப்டாப்போட சொருகுங்க. ஃபோன் செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங்னு இருக்கும், அத ஆன் பண்ணுங்க. நெட் வந்துரும். அப்புறம் டிரைவர் மேனேஜரத் தொறந்தீங்கன்னா, வைஃபைக்கு ஒரு டிரைவர் காட்டும். அதப் போட்டுட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க."

அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் செய்தாள். நடுவில் தானாகவே பேசினாள். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை கடையில் டிசைன் வேலை பார்க்கலாம் என்றிருக்கிறாள். அதற்காகத்தான் அவர் இதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார், கடையிலும் அதுதானாம். இந்த நம்பரும் அவர் கொடுத்ததுதான்.

"எந்த ஊருங்க நீங்க?" என்று கேட்டாள் கலைமதி. குரல் அவளுடையதாக இல்லை.

"ஏரியூருங்க. என் பேரு பாரதி."

தேங்காய் நார் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"வந்துருச்சுங்க! வைஃபை காட்டுதுங்க!" பாரதி சிரித்தாள். "எவ்ளோ பொறுமையா சொல்றீங்க மேடம். அவருக்கு ஒரு அக்கா இருந்தாங்களாம். அவங்களுக்கும் இதெல்லாம் தண்ணி பட்ட பாடாம். கடை மிஷினெல்லாம் அவங்க போட்டதுதானாம். பாவம், காய்ச்சல்ல போயிட்டாங்க. அவரு அக்காவப் பத்திப் பேசுனாலே அழுதுருவாரு. கல்யாணத்தன்னைக்கு அவங்க போட்டோவுக்கு மொதல்ல மால போட்டுக் கும்புடணும்னு எங்கம்மா சொல்லிட்டே இருக்குது. கலைமதின்னு பேருங்க அவங்களுக்கு."

கலைமதி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்க மேடம், நம்பர சேவ் பண்ணிக்கறேன். உங்க பேரு என்னங்க?"

வாசலில் யாரும் இல்லை. அருள்குமாரின் வண்டிச் சத்தம் எந்தப் பக்கமிருந்தும் வரவில்லை. வேறொரு பெயரைச் சொல்லிவிட்டால் இந்தப் பெண்ணின் கல்யாணம் நல்லபடி நடக்கும். தம்பி தலை நிமிர்ந்து மணவறையில் உட்காருவான். ஒரு படத்துக்கு மாலை விழும்.

"அதே பேருதாங்க," என்றாள்.

"எந்தப் பேரு?"

"நீங்க இப்ப சொன்னீங்களே, அந்தப் பேரு. முருகேஷோட அக்கா கலைமதி. காய்ச்சல் எல்லாம் ஒண்ணும் வரலைங்க."

ஏரியூரில், பாரதிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "யாருடி அது, இவ்வளவு நேரமா?" என்று கேட்டது.

பாரதி தன் தாய்க்கும் பதில் சொல்லவில்லை. ஃபோனையும் வைக்கவில்லை.